6 சதுர கிலோமீட்டர் பேரூராட்சிக்கு ட்ரோன் சர்வே: டெண்டரில் என்ன எழுதுவது, எதை எந்த அளவுக்கு நம்புவது?

கேள்வி சுருக்கமாக இதுதான். சுமார் 6 சதுர கி.மீ. பரப்பு, 18,000 பேர் வசிக்கும் ஒரு பேரூராட்சி. வீட்டுவரி, மழைநீர் வடிகால், வாய்க்கால் ஆக்கிரமிப்பு, புதுச் சாலை என நான்கு காரணங்களைச் சொல்லி ட்ரோன் சர்வே எடுக்கலாம் என்று மன்றத்தில் பேச்சு. "எந்தத் துல்லியம் கேட்க வேண்டும், வேலை சரியாக நடந்ததா என்று எங்களால் எப்படிச் சரிபார்க்க முடியும்?"

நான்கு வேலைக்கும் ஒரே பறப்பு போதும். ஆனால் நான்கிலும் அந்தப் படம் ஒரே அளவுக்கு உதவாது. சாலைக்கும் வீட்டுவரிக்கும் நன்றாகவே உதவும். வடிகாலுக்குப் பாதி. ஆக்கிரமிப்பில், எங்கே அளக்கப் போக வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான். பறப்பது இரண்டு மூன்று நாள் வேலை. அதற்கு முன்னும் பின்னும் தரையில் நடக்கும் வேலையில்தான் வரைபடம் தேறுவதும் தேறாததும் இருக்கிறது. டெண்டர்களில் பெரும்பாலும் பறப்பைப் பற்றி ஒரு பக்கம் இருக்கும், தரை வேலை பற்றி ஒரு வரி இருக்கும். அதைத் திருப்பிப் போடுங்கள்.

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். மத்திய அரசின் நக்ஷா திட்டம் 2025 பிப்ரவரி 18 அன்று தொடங்கப்பட்டது. 35 சதுர கி.மீ.க்குக் குறைந்த பரப்பும் 2 லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகையும் உள்ள ஊர்களுக்கான நகர்ப்புற நில அளவைத் திட்டம் அது. முன்னோட்டமாக 26 மாநிலங்கள், 3 யூனியன் பிரதேசங்களில் 152 நகர்ப்புற உள்ளாட்சிகள் எடுக்கப்பட்டன. மதிப்பீடு 194 கோடி ரூபாய், முழுக்க மத்திய நிதி, தொழில்நுட்பப் பொறுப்பு சர்வே ஆஃப் இந்தியாவிடம். உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருந்தால் தனியாக டெண்டர் விட்டுக் காசைக் கரைக்க வேண்டாம்.

எத்தனை சென்டிமீட்டர் வேண்டும்?

ட்ரோன்காரர்கள் முதலில் சொல்வது ஜி.எஸ்.டி. (வரி அல்ல. படத்தின் ஒரு பிக்சல் தரையில் எத்தனை சென்டிமீட்டரை மூடுகிறது என்ற அளவு.) கணக்கு எளிது. சென்சார் அகலத்தைப் பறக்கும் உயரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தாலும் படத்தின் பிக்சல் அகலத்தாலும் வகுக்க வேண்டும். பரவலாக உள்ள 20 மெகாபிக்சல், ஓர் அங்குல சென்சார் கேமராவை எடுத்துக்கொள்வோம். சென்சார் அகலம் 13.2 மி.மீ., குவியத் தூரம் 8.8 மி.மீ., படம் 5472 பிக்சல் அகலம். 100 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல் 2.74 செ.மீ. ஒரு படம் தரையில் 150 மீட்டருக்கு 100 மீட்டரை மூடும்.

பறக்கும் திசையில் 80 விழுக்காடு, பக்கவாட்டில் 70 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று விழ எடுத்தால், 20 மீட்டருக்கு ஒரு படம், கோட்டுக்குக் கோடு 45 மீட்டர். சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 1,100 படங்கள். ஊர் எல்லைக்கு வெளியே 100 மீட்டர் சேர்த்துப் பறக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லையோரம் உருக்குலைந்து வரும். அப்படிப் பார்த்தால் 7 சதுர கி.மீ., ஏறத்தாழ 7,800 படங்கள், 60 ஜிபிக்கு மேல். விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் கோடுகள் மட்டும் 155 கி.மீ. ஐந்தரை மணி நேரப் பறப்பு. பேட்டரி ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால், திரும்புவது, ஏறி இறங்குவது எல்லாம் சேர்த்து 20 பேட்டரி. ஒரே நாளில் முடித்தோம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை முன்னால் வையுங்கள். படங்களின் எண்ணிக்கையைக் குறைத்திருப்பார்கள், அல்லது உயரத்தைக் கூட்டியிருப்பார்கள்.

பெருந்திட்ட வரைபடத்துக்கு மட்டும் என்றால் இவ்வளவு கூடத் தேவையில்லை. மத்திய அரசின் அம்ருத் திட்ட நகரங்களின் ஜிஐஎஸ் (கணினி வரைபட) பெருந்திட்டங்களுக்கு வைத்த அளவு 1:4000. அந்தத் தாளில் கால் மில்லிமீட்டர் தரையில் ஒரு மீட்டர். நிலப் பயன்பாட்டு வண்ணம் பூச அது போதும். மனை அளவில் பேசத்தான் 3 செ.மீ. படமும் 10 செ.மீ.க்குள் பிழையும் தேவை. இரண்டு சென்ட் மனை ஏறத்தாழ 9 மீட்டருக்கு 9 மீட்டர். நான்கு பக்கமும் 10 செ.மீ. வெளியே போனால் 3.6 சதுர மீட்டர், அதாவது 39 சதுர அடி கூடிவிடும். கடைத்தெருவில் 39 சதுர அடி என்றால் கோர்ட் வரை போகிற விஷயம்.

பிக்சல் அளவும் துல்லியமும் வேறு வேறு. 3 செ.மீ. பிக்சலில், கண்ணுக்குக் கண்ணாடி போலத் தெரிகிற படம், மொத்தமாக இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். டெண்டரில் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்: பிக்சல் 3 செ.மீ.க்கு மிகாமல், சோதனைப் புள்ளிகளில் (வரைபடம் செய்யப் பயன்படுத்தாமல், சரிபார்க்க மட்டும் தரையில் அளந்தவை) சராசரி வர்க்கமூலப் பிழை (எல்லாப் புள்ளிகளின் பிழையையும் சேர்த்துச் சொல்லும் ஒரே எண்) கிடைமட்டத்தில் 10 செ.மீ., உயரத்தில் 15 செ.மீ.க்கு மிகாமல்.

அனுமதி

ட்ரோன் விதிகள் 2021-இன்படி பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை பறக்கத் தனி அனுமதி தேவையில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை உள்ள பகுதியில் பச்சை 200 அடியோடு முடிகிறது. இது திட்டச் செலவையே மாற்றும். 60 மீட்டரில் பறந்தால் பிக்சல் 1.65 செ.மீ. ஆகும், ஆனால் படங்களின் எண்ணிக்கை 2.8 மடங்கு. 7,800 படம் எடுக்க வேண்டிய இடத்தில் 21,000-க்கு மேல். 8 கி.மீ.க்குள் என்றால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அனுமதி இல்லாமல் தரையிலிருந்தே எழும்ப முடியாது. அரக்கோணம், சூலூர், தஞ்சாவூர், உச்சிப்புளி போன்ற படைத்தளங்களுக்குப் பக்கத்து ஊர்கள், ட்ரோன் மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் டெண்டரே விடக் கூடாது. ட்ரோனின் தனி அடையாள எண், பைலட்டின் சான்றிதழ், மூன்றாம் நபர் காப்பீடு மூன்றின் நகலும் ஒப்பந்தத்தோடு இருக்கட்டும். காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம், முதல் நாள் ஆட்டோவில் ஒரு அறிவிப்பு. மொட்டை மாடியில் வடகம் காயவைக்கிறவர்களுக்கு மேலே என்ன சுற்றுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள்

கெடுகிற சர்வேக்களில் பெரும்பாலானவை இங்கேதான் கெடுகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

படங்களை ஒட்டவைத்த பிறகு அந்த ஒட்டுப்படத்தைப் பூமியில் சரியான இடத்தில் உட்கார வைக்க, படத்தில் தெரியக்கூடிய, ஆயத்தொலை அளந்த குறிகள் வேண்டும். ட்ரோனிலேயே பி.பி.கே. வசதி (ஒவ்வொரு படமும் எடுத்த இடத்தைப் பறந்த பிறகு கணக்கிட்டு நுட்பமாகத் திருத்தும் முறை) இருந்தால் 6 சதுர கி.மீ.க்கு 12 முதல் 16 புள்ளிகள் போதும். ஓரங்களில் சுற்றிவர, நடுவில் சில, மேட்டுப் பகுதியில் ஒன்றிரண்டு, பள்ளத்தில் ஒன்றிரண்டு. பி.பி.கே. இல்லாத ட்ரோன் என்றால் 300 மீட்டருக்கு ஒன்று என்று 60-க்கு மேல் போகும். புள்ளிகளை நடுவில் மட்டும் குவித்தால் வரைபடம் கவிழ்த்த தட்டு போல வளையும். நடுவில் உயரம் சரியாக இருக்கும், ஓரங்களில் அரை மீட்டர், ஒரு மீட்டர் இறங்கியிருக்கும்.

குறி 60 செ.மீ. சதுரம், கறுப்பு வெள்ளை நான்கு கட்டம். தார்ச்சாலையில் பெயின்ட் அடிப்பதுதான் நல்லது. ஃபிளெக்ஸ் துண்டு என்றால் நான்கு மூலையிலும் ஆணி. மாலைக்குள் அதை யாராவது மாட்டுக்கொட்டகைக்கு எடுத்துப்போகவும் கூடும், ஆகவே விரித்ததும் அளந்து, அளந்ததும் பறந்துவிட வேண்டும். மரத்தடியிலும் உயர்ந்த சுவரோரத்திலும் வேண்டாம். அங்கே ஜிஎன்எஸ்எஸ் கருவியும் (செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடத்தை அளப்பது) பொய் சொல்லும், ட்ரோனுக்கும் குறி தெரியாது. ஒவ்வொரு புள்ளியையும் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். கருவி நிற்கும் கோலின் உயரம் கருவியில் 2 மீட்டர் என்று பதிவாகியிருக்க, கையில் உள்ள கோல் 1.8 மீட்டரில் பூட்டியிருக்கும். ஊர் முழுக்க 20 செ.மீ. உயரம் கெட்டுப்போகும். ஒரே ஆள், ஒரே கோல், ஒரே நாளில் அளந்தால் இது வெளியே தெரியவே தெரியாது.

இதைவிடப் பெரிய பொறி அடித்தள நிலையத்தில் (பேஸ், அதாவது மற்ற புள்ளிகளை அளக்க ஆதாரமாக ஒரே இடத்தில் நிற்கும் கருவி) இருக்கிறது. ஜிஎன்எஸ்எஸ் பேஸை ஒரு மாடியில் வைத்து, அதுவாகவே கண்டுபிடித்த இடத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால் அது உண்மையிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி இருக்கலாம். அந்த பேஸிலிருந்து அளந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகள், சோதனைப் புள்ளிகள் எல்லாமே ஒரே திசையில் ஒரே தூரம் தள்ளியிருக்கும். தமக்குள் அழகாகப் பொருந்தும். அறிக்கையில் "பிழை 3 செ.மீ." என்று வரும். அந்த 3 செ.மீ. பொய்யில்லை, ஆனால் ஊரே இரண்டு மீட்டர் வடக்கே நகர்ந்திருக்கும். புலப்படத்தை (சர்வே எண் வாரியான அரசு நில அளவைப் படம்) மேலே வைக்கும் நாளில்தான் தெரியும். இதைத் தவிர்க்க, பேஸின் இடத்தை சர்வே ஆஃப் இந்தியாவின் கோர்ஸ் நிலைய (இடம் துல்லியமாகத் தெரிந்த, எப்போதும் இயங்கும் ஜிஎன்எஸ்எஸ் நிலையங்கள்) வலைப்பின்னலோடு இணைத்துக் கணக்கிட்ட அறிக்கையைக் கேளுங்கள். சோதனைப் புள்ளிகள் எட்டுப் பத்தையாவது வேறொரு குழு, தனியாக கோர்ஸ் இணைப்பில் அளக்கட்டும். ட்ரோன் நிறுவனம் தன் விடைத்தாளைத் தானே திருத்தக் கூடாது.

உயரத்திலும் இப்படி ஒன்று உண்டு. செயற்கைக்கோள் தரும் உயரம், பூமியின் வடிவமாகக் கணக்கில் வைத்த நீள்வட்டத்திலிருந்து, நமக்கு வேண்டியது கடல் மட்டத்திலிருந்து. உலகத்திலேயே இந்த இரண்டுக்கும் வேறுபாடு மிகுந்த பகுதி இலங்கைக்குத் தெற்கே இருக்கும் இந்தியப் பெருங்கடல் பள்ளம்தான், அங்கே 106 மீட்டர். அதன் பக்கத்தில் இருப்பதால் தமிழ்நாட்டிலும் 80 மீட்டருக்குக் குறையாது. கடலோர ஊரின் தெரு உயரம் "மைனஸ் 88" என்று வந்தால் பயப்பட வேண்டாம், மாற்றாமல் கொடுத்துவிட்டார்கள் என்று பொருள். பாதிப் புள்ளிகளை ஒரு முறையிலும் மீதியை இன்னொரு முறையிலும் கலந்து கொடுத்தால்தான் ஆபத்து. கடல் மட்ட உயரத்துக்கு மாற்ற எந்த ஜியாய்டு மாதிரியைப் பயன்படுத்தினார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். ஊரில் உள்ள அரசு உயரக் குறிக்கல் ஒன்றையாவது இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மேற்கு மாவட்டமா, கிழக்கு மாவட்டமா?

யூ.டி.எம். கட்ட முறையில் (உருண்டையான பூமியை மண்டலங்களாகப் பிரித்துத் தட்டை வரைபடமாக்கும் முறை) தமிழ்நாடு இரண்டாகப் பிரிகிறது. தீர்க்கரேகை 78 பாகைக்கு மேற்கே 43-ஆம் மண்டலம், கிழக்கே 44. கோவை, தேனி, திருநெல்வேலி 43-இல். மதுரை, கரூர், திருச்சி 44-இல். திண்டுக்கல், விருதுநகர் பக்கத்துச் சிற்றூர்கள் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. அங்கே ஒரு மண்டலத்தை முடிவுசெய்து எல்லாக் கோப்புக்கும் அதையே கட்டாயமாக்குங்கள்.

மண்டலத்தின் ஓரத்தில் இன்னொரு தொல்லை. அந்தக் கட்டத்தில் வரும் தூரம் தரைத் தூரத்தைவிடக் கூடுதலாக வரும். 78 பாகை ஓரத்தில் 100 மீட்டருக்கு 9 செ.மீ. சர்வேயர் டேப்பில் அளந்தது 100.00, திரையில் 100.09. பரப்பில் ஒரு ஹெக்டேருக்கு 18 சதுர மீட்டருக்கு மேல், ஏறத்தாழ அரை சென்ட், வேறுபாடு. இதை யாரோ செய்த தில்லுமுல்லு என்று நினைத்துச் சண்டை வரும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அளக்கும்போது தட்டையான முறையில் அளக்காமல், பூமியின் வளைவைக் கணக்கில் கொள்ளும் எலிப்சாய்டல் முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும். சிதம்பரம் பக்கம் இது கண்ணில் படாத அளவுக்குச் சின்னது.

எப்போது பறப்பது

தை முதல் பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மேகமும் மழையும். ஆடிக்காற்றில், குறிப்பாகக் கணவாய் ஓரத்து ஊர்களில், இலகுரக ட்ரோன் பறக்க வேண்டிய கோட்டிலிருந்து விலகும். வாய்க்காலும் குளமும் உங்கள் பட்டியலில் இருப்பதால் தண்ணீர் வற்றியபின் பறப்பதே சரி. நீர்ப்பரப்பில் படங்களை ஒட்டவைக்க ஒரு புள்ளியும் கிடைக்காது, மென்பொருள் அங்கே மேடும் பள்ளமுமாக எதையோ கற்பனை செய்துவைக்கும். நேரம், குறுகிய சந்துகள் உள்ள ஊரில் காலை பத்தரைக்கும் ஒன்றரைக்கும் இடையில். வெயில் நேர் மேலே இருந்தால்தான் சந்தின் தரை வரை வெளிச்சம் இறங்கும்.

கோபுரம் உள்ள ஊருக்குத் தனிக் கணக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் சுமார் 59 மீட்டர். 100 மீட்டரில் பறந்தால் அதன் உச்சிக்கும் ட்ரோனுக்கும் 41 மீட்டர்தான். உச்சி மட்டத்தில் ஒரு படம் 61-க்கு 41 மீட்டரை மட்டுமே மூடும். தரையில் 80, 70 என்று போட்ட மேற்படிவு அங்கே 51, 26 ஆகச் சுருங்கிவிடும். கோபுரம் மெழுகு உருகியது போல் வரும். அதைச் சுற்றி மட்டும் தனியாகச் சாய்வுப் படங்கள் எடுத்துச் சேர்க்க வேண்டும். செல்போன் கோபுரங்கள், தண்ணீர்த் தொட்டிகளின் உயரத்தையும் பறக்கும் முன்பே பட்டியலிட்டு வைப்பது பைலட்டுக்கு நல்லது, ஊருக்கும் நல்லது.

வீட்டுவரி

ட்ரோன் மேலிருந்து பார்ப்பது கூரையை. வரி போடுவது கட்டடப் பரப்புக்கு. சன்ஷேடு சுவரைத் தாண்டி 60 செ.மீ. வெளியே நிற்கும், ஓட்டு வீட்டின் இறவாணம் இன்னும் கூடுதலாக. 8-க்கு 10 மீட்டர் வீட்டில் நாலாபுறமும் 60 செ.மீ. சேர்த்து வரைந்தால் 80 சதுர மீட்டர் 103 ஆகிவிடும், கால் பங்குக்கு மேல் கூடுதல். திரையில் வரைந்த பரப்பை நேரே வரிக் கேட்பில் ஏற்றினால் ஊர் திரண்டு வரும், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும்.

மாடிகளை எண்ணுவதிலும் இதே சிக்கல். கூரை உயரத்தை 3.2 மீட்டரால் வகுத்து மாடி எண்ணிக்கை சொல்வார்கள். மொட்டை மாடியில் போட்ட தகரக் கொட்டகை, மாடிப்படி அறை, மேலே நிற்கும் சின்டெக்ஸ் தொட்டி மூன்றும் ஒரு மாடியாகக் கணக்காகும். பளபளக்கும் புதுத் தகரம் வெயிலில் கண்ணைக் கூசி உயரத்தைக் கன்னாபின்னாவென்று காட்டும்.

ஆகவே ட்ரோனை வரி போடும் கருவியாக அல்ல, வடிகட்டும் கருவியாகப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் வரைந்த பரப்பையும் வரிப் பதிவேட்டில் உள்ள பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வரி எண்ணே இல்லாத கட்டடங்கள் ஒரு பட்டியல். வேறுபாடு 30 விழுக்காட்டுக்கு மேல் இருப்பவை இன்னொரு பட்டியல். அந்த வீடுகளுக்கு மட்டும் பில் கலெக்டர் டேப்போடு போகட்டும். கடினமான பகுதி வரைவதில் இல்லை, திரையில் உள்ள கட்டடத்தையும் வரி எண்ணையும் கோர்ப்பதில்தான். கதவிலக்கம் பழையது, புதியது, பக்கத்து எண் என்று மூன்று இருக்கும். கைபேசியில் வரைபடத்தை வைத்துக்கொண்டு தெருத் தெருவாக நடப்பதைத் தவிர வழியில்லை. இந்த நடைக்கு டெண்டரில் தனித் தொகையும் தனி நாட்களும் ஒதுக்குங்கள்.

வடிகால்

தெருவோர வடிகாலுக்கு 500-க்கு 1 சரிவு கொடுத்தால் 100 மீட்டரில் இறக்கம் 20 செ.மீ. 1000-க்கு 1 என்றால் 10 செ.மீ. ட்ரோன் உயரத்தின் பிழையே 8, 10 செ.மீ. இருக்கும்போது, அதை வைத்து வடிகாலின் அடிமட்டத்தைக் குறித்தால் தண்ணீர் பின்னோக்கி ஓடும் வடிகால் கட்டி முடித்திருப்பீர்கள். ட்ரோன் தரைமாதிரி (தரையின் உயரங்களைக் காட்டும் கணினி மாதிரி) எந்தத் தெரு எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு பரப்பின் மழை எந்த மூலைக்கு வருகிறது, தாழ்வான தெருக்கள் எவை என்று சொல்லும். வடிகால் போகும் பாதை முடிவானபின் 20 மீட்டருக்கு ஒரு அளவு ஆட்டோ லெவலால் (தரையில் நின்று உயர வேறுபாட்டை அளக்கும் கருவி) எடுத்தே ஆக வேண்டும்.

தரைமாதிரி கையில் வந்ததும் ஒரு விசித்திரம் கண்ணில் படும். கணினி ஓட்டிய மழைநீர் எல்லாம் நெடுஞ்சாலை ஓரத்தில் குளமாகத் தேங்கி நிற்கும். மேலிருந்து பார்க்கும் ட்ரோனுக்குச் சாலைக்கு அடியில் இருக்கும் சிறுபாலமும் குழாய்ப்பாலமும் தெரியாது. அதன் கண்ணில் சாலை ஓர் அணைக்கட்டு. ஊரில் உள்ள எல்லாச் சிறுபாலங்களையும் நடந்து பட்டியலிட்டு, திறப்பின் அகல உயரம், இரு முனையின் அடிமட்டம் அளந்து, அந்த இடங்களில் தரைமாதிரியை வெட்டிவிட வேண்டும். தூர்ந்துபோனதையும் குறியுங்கள். இந்தப் பட்டியல் ஒன்றே பல ஊர்களில் ட்ரோன் வரைபடத்தைவிட அதிகம் பயன்படும்.

சீமைக்கருவேலம் மண்டிய வாய்க்காலில் படத்திலிருந்து கிடைப்பது முள்மரத்தின் தலை உயரம், வாய்க்கால் தரை அல்ல. லைடார் (லேசர் கதிரால் அளக்கும் கருவி) பொருத்திய ட்ரோன் இலைகளின் இடைவெளி வழியே ஓரளவு தரையைத் தொடும், செலவு கூடும். இரண்டு மூன்று கிலோமீட்டர் வாய்க்கால்தான் என்றால், முள்ளை வெட்டிவிட்டு 25 மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு தரையில் அளப்பது மலிவு.

ஆக்கிரமிப்பு

ட்ரோன் காட்டுவது அனுபவ எல்லை. யார் எதுவரை வேலி போட்டு, சுவர் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பது. புலப்படம் காட்டுவது பதிவேட்டு எல்லை. இரண்டும் விலகுகிற இடம் ஆக்கிரமிப்பாக இருக்கலாம், புலப்படத்தைத் தவறாக உட்கார வைத்ததாகவும் இருக்கலாம்.

ஸ்கேன் செய்த புலப்படத்தை நான்கு மூலையையும் பிடித்து இழுத்துப் படத்தோடு பொருத்துவது வழக்கமான தவறு. பழைய தாள் சுருங்கியிருக்கும், நகலெடுத்ததில் இன்னும் மாறியிருக்கும். மென்பொருள் எந்தத் தப்பையும் நீட்டிச் சுருக்கிப் பொருத்திவிடும், பொருந்திய பிறகு எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். சரியான முறை வேறு. படத்தை விட்டுவிட்டு அதில் எழுதியுள்ள எண்களை எடுங்கள். ஜி லைன் (புலத்தை அளக்க அடிப்படையாகப் போட்ட கோடு) நீளம், குறுக்கு அளவுகள், பக்க நீளங்களை வைத்துப் புலத்தைப் புதிதாக வரையுங்கள். பிறகு களத்தில் அசையாமல் இருக்கும் சர்வே கற்களை, முச்சந்திக் கற்களை முதலில், தேடிப்பிடித்து ஜிஎன்எஸ்எஸ்ஸில் அளந்து, வரைந்த புலத்தை நகர்த்தவும் சுழற்றவும் மட்டும் செய்து உட்கார வையுங்கள். நீட்டக் கூடாது. நான்கு கல்லாவது வேண்டும். கல்லுக்கும் மூலைக்கும் 30 செ.மீ.க்கு மேல் விலகினால், கல் நகர்ந்திருக்கிறதா, எண்ணைத் தவறாகப் படித்தோமா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது.

நத்தம் பகுதியில் கற்களே இருக்காது. அங்கே பழைய சுவர் மூலை, கோயில் மதில், பொதுக் கிணறு போன்றவைதான் துணை. நோட்டீஸ் கொடுப்பதும் அளந்து எல்லை காட்டுவதும் வருவாய்த் துறை சர்வேயரின் வேலை. உங்கள் வரைபடம் அவரை எந்த மூன்று சர்வே எண்ணுக்கு முதலில் அழைக்க வேண்டும் என்று சொல்லும். மன்றக் கூட்டத்தில் திரையில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிட்டால், அளப்பதற்கு முன்பே யாரோ ஒருவர் ஆக்கிரமிப்பாளர் ஆகிவிடுவார். அதைச் செய்யாதீர்கள்.

சாலைக்கு இவ்வளவு பாடு இல்லை. கட்டடத்துக்குக் கட்டடம் அகலம், இடையில் நிற்கும் மின்கம்பம், மரம் எல்லாம் படத்திலேயே கிடைக்கும். படிக்கட்டையும் சாய்தளத்தையும் தனி அடுக்காக வரையச் சொல்லுங்கள், அகலப்படுத்தும்போது முதல் தகராறு அதில்தான்.

என்ன வாங்க வேண்டும், எப்படிச் சோதிப்பது

பெரிய ஃபிளெக்ஸில் அச்சிட்ட வண்ணப்படமும் ஒரு பிடிஎஃப்பும் கொடுத்து வேலையை முடிப்பவர்கள் உண்டு. டெண்டரில் இவை பெயரோடு இருக்கட்டும்: எல்லா மூலப் படங்களும், ஜிஎன்எஸ்எஸ் மூலப் பதிவுகளும், கட்டுப்பாட்டு மற்றும் சோதனைப் புள்ளிகளின் ஆயத்தொலையோடு ஒவ்வொன்றின் புகைப்படமும், செயலாக்க அறிக்கையும், ஜியோடிஃப் வடிவில் ஒட்டுப்படம், மேற்பரப்பு மாதிரி (கட்டடம், மரம் சேர்ந்த உயரம்), தரைமாதிரி, புள்ளித்திரள் (படங்களிலிருந்து கணக்கிட்ட முப்பரிமாணப் புள்ளிகள்), வரைந்த அடுக்குகள் ஜியோபேக்கேஜ் கோப்பாக. உரிமை பேரூராட்சிக்கு. 6 சதுர கி.மீ. ஒட்டுப்படம் சுருக்காமல் 24 ஜிபி வரும், அலுவலகக் கணினியில் திறக்க முடியும்படி சுருக்கிய பிரதி ஒன்றும் கேளுங்கள். மூலப் படம் கையில் இருந்தால் நாளை வேறொருவர் வெப்ஓடிஎம், மெட்டாஷேப் போன்ற மென்பொருளில் மறுபடி ஓட்டிப் பார்க்க முடியும். இல்லாவிட்டால் கொடுத்ததுதான் வேதம்.

பணத்தில் 40 விழுக்காட்டையாவது தனிக் குழுவின் சோதனைக்குப் பிறகு கொடுங்கள். அதற்கு முன் கவுன்சிலர்களே ஒரு மதியத்தில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பஸ் ஸ்டாண்டு நடைமேடையின் நீளம், பள்ளி மைதானத்தில் உள்ள சிமென்ட் தளம், சந்தைத் திடலின் மேடை என்று தரை மட்டத்தில் கூர்மையான மூலையுள்ள பத்து இடங்களை இரும்பு டேப்பில் அளந்து திரையில் ஒப்பிடுங்கள். கூரை மூலைகள் வேண்டாம். ஒவ்வொன்றும் 10 செ.மீ.க்குள் வர வேண்டும். இதில் தேறினால் அளவுகோல் சரி என்று மட்டுமே பொருள், ஊர் நகர்ந்திருப்பதை இது காட்டாது. பிறகு திரையில் நீளமான மதில்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போங்கள். நேராக வரும் மதில் ஓரிடத்தில் படிக்கட்டு போல் ஒடிந்து மறுபடி நேராகப் போனால் அங்கே இரண்டு படங்களின் தையல் சரியாக விழவில்லை. மின்கம்பி துண்டு துண்டாக வருவதும் முன்பாதி மட்டும் உள்ள பஸ்ஸும் குற்றமில்லை, ஓடுகிற பொருளுக்கும் மெல்லிய பொருளுக்கும் அப்படித்தான் வரும்.

கட்டட அனுமதி கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டடத்தை வரைபடத்தில் ஏற்ற, கியூஜிஐஎஸ் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் வேண்டும். மூன்று நாலு வருடத்தில் ஊர் வளர்ந்த பக்கத்தை மட்டும் மறுபடி பறந்து எடுத்தால் போதும். அதற்குப் பழைய கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இருந்தாக வேண்டும். பெயின்ட் குறி அடுத்த தார் பூச்சில் மறைந்துவிடும். ஆகவே குறைந்தது ஆறு புள்ளிகளை நிரந்தரமாக, பித்தளை ஆணியாகப் பதியுங்கள். பேரூராட்சி அலுவலக வளாகம், பள்ளிக் கொடிமேடை, பழைய சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர் போன்ற இடங்களில். சாலையோரத்தில் பதிக்கவே வேண்டாம், குடிநீர்க் குழாய்க்குத் தோண்டுகிற முதல் ஜேசிபி அதை அள்ளிக்கொண்டு போய்விடும்.